நாலு பாட்டில் போர்ட்டும் ஒரு பி.பி. காலும்

எனக்குப் பயம் மூன்று கட்டமாக வரும். முதலில் வயிறு கலங்கும். அடுத்து வாய் தானாகத் தமாஷ் பேச ஆரம்பிக்கும். கடைசியில் உடம்பு முழுக்க மரத்துப்போகும், கிள்ளினால்கூடத் தெரியாது. இந்த மூன்றும் ஒரே நாளில் நடந்தது எண்பத்து நாலாம் வருஷத்து மழைக்காலத்தில். அன்றைக்கு என் முன்னால் வெவ்வேறு நாலு வருஷத்துப் போர்ட் ஒயின் இருந்தது. நாலையும் குடித்தேன். நாலும் குழாய்த் தண்ணீர் போலவே இருந்தன.

அப்போது நான் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். வேலைக்கு வந்த ஆளுக்குப் பெயர் போடுவது, மூட்டைக்குச் சீட்டு எழுதுவது, மழை மானியைப் பார்த்துக் குறித்துவைப்பது. என் கல்யாணத்தில் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், "ரைட்டருங்களா? எந்தப் பத்திரிகையிலங்க எழுதறீங்க?" என்று கேட்டார். "மூட்டை மேலதானுங்க எழுதறேன்" என்றேன். அவர் அதையும் ஏதோ பத்திரிகை என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினார்.

அதே எஸ்டேட்டில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற தொரை, கொட்டச்சேடு போகிற ரோட்டில் ஒரு சின்ன பங்களாவில் இருந்தார். கோலார் பக்கத்து ஆங்கிலோ இந்தியர். முப்பது வருஷமாகத் தமிழ் பேசினார். அவ்வளவும் ஆட்களை வேலை வாங்குவதற்காகக் கற்ற தமிழ். வா, போ, எடு, கொண்டா. அந்தத் தமிழில் 'அவர்' என்ற சொல்லே கிடையாது. மனுஷன், மாடு, ஜீப், கலெக்டர் எல்லாமே 'அது'. கோபம் வந்தால் மட்டும் கடைசியில் ஒரு 'மேன்' சேரும்.

அவர் வருஷா வருஷம் போர்ட் ஒயின் செய்வார். சேலத்திலிருந்து கறுப்புத் திராட்சை கூடைகூடையாக பஸ் மேல் ஏறி வரும். அதைக் கழுவி, காயவைத்து, பிசைந்து, ஆளுயரத்தில் பாதி இருக்கிற ஊறுகாய் ஜாடிகளில் சர்க்கரையோடு போட்டுத் துணி கட்டிவிடுவார். உள்ளே அது குமிழ் விட்டுப் பொங்கும். முழுக்கப் பொங்கி முடிந்தால் வெறும் ஒயின். பாதியிலேயே பிராந்தியை ஊற்றிப் பொங்குவதை நிறுத்திவிட்டால் போர்ட். இனிப்பு உள்ளேயே தங்கிவிடும், போதையும் கூடும். "ஓடுற குதிரை. பிராந்தி பிரேக்" என்பார் தொரை. குதிரைக்கு ஏதுங்க பிரேக் என்று கேட்டால், அதற்குத்தான் 'மேன்' வரும்.

பாட்டில் மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டி வருஷத்தை எழுதுவோம். எழுதுவது நான். ரைட்டர் அல்லவா.

சீமையில் நல்ல வருஷம், கெட்ட வருஷம் என்பதைத் திராட்சைக்குக் கிடைத்த வெயிலும் மழையும் தீர்மானிக்குமாம். எங்கள் மலையில் அதைத் தீர்மானித்தது பெர்மிட். மதுவிலக்குக் காலத்தில் டாக்டர் சீட்டுக் காட்டிப் பெர்மிட் வாங்கினால்தான் பிராந்தி கிடைக்கும். எந்த வருஷம் என்ன கிடைத்ததோ அதுதான் அந்த வருஷத்துப் போர்ட்டின் குணம்.

எழுபத்து மூணு, மதுக்கடைகள் திறந்திருந்த காலத்தது. நல்ல பிராந்தி. திராட்சையை மிதித்தது தொரைசானி. நான் எஸ்டேட்டுக்கு வருவதற்கு முந்திய சரக்கு. கறுப்பாக, கெட்டியாக, கிளாஸைச் சாய்த்தால் இறங்க யோசிக்கும். எழுபத்தாறில் பெர்மிட் கிடைக்கவில்லை. ஏரிப் பக்கம் குடியிருந்த பட்டாளத்துக்காரர் ஒருவர் கொடுத்த ரம்மை ஊற்றினார்கள். முதல் வாயில் கருப்பட்டி, அடுத்ததில் மிளகு, விழுங்கின பிறகு இரண்டு காதோரமும் சூடு. எழுபத்தெட்டு விளங்காத வருஷம். அந்தச் சித்திரையில் தொரைசானி இறந்துவிட்டார். தொரை யாரிடமோ எதையோ வாங்கி ஊற்றினார். சர்க்கரை இரண்டு பங்கு, அடியில் ஒரு புகை நாற்றம். சளி மருந்துதான். எண்பத்தொண்ணில் கடைகள் திரும்பத் திறந்தன. முறையாக வாங்கி, முறையாக ஊற்றி, முறையாக வந்தது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் குறை.

எனக்குப் பிடித்தது எழுபத்தாறு. தொரைக்கு எழுபத்து மூணு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் இதற்காகச் சண்டையே போட்டிருக்கிறோம்.

"எழுபத்தாறு வெறும் சத்தம், ரைட்டர். கல்யாண வீட்டு பேண்டு மாதிரி."

"எழுபத்து மூணு மட்டும் என்னங்க தொரை? பேசவே மாட்டேங்குது."

"அது பேசாது. பக்கத்துல உக்காரும்."

கண்ணைக் கட்டிவிட்டாலும் நாலு வருஷத்தையும் பிரித்துச் சொல்வேன் என்று நான் பீற்றிக்கொள்வது வழக்கம். மூன்று தடவை கட்டிப் பார்த்திருக்கிறார். மூன்று தடவையும் சரியாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் வேறு எதிலும் எனக்கு அப்படி ஒரு தேர்ச்சி இருந்ததில்லை.

அந்த வருஷம் என் மனைவி தலைப்பிரசவத்துக்குச் சேலத்தில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அவர்கள் பூர்வீகம் சங்ககிரிப் பக்கம். மாமியார் தன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எப்போதும் அம்மிணிதான். எங்கள் எஸ்டேட் ஆபீஸில் போன் கிடையாது. அதனால் தொரை பங்களா நம்பரைத்தான் பி.பி. என்று எழுதிக்கொடுத்திருந்தேன். இன்னொருவர் வீட்டுப் போனில் நம்மைக் கூப்பிட்டுவிடும் ஏற்பாட்டுக்குப் பெயர் பி.பி. பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு சூடு பிடிக்க ஒரு மூடி பிராந்தி கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். மாமியார் அதைவிட நாகரிகமானவர். "போர்ட்டு ஒயினு குடுத்தா ரத்தம் ஊறுமாமுங்க மாப்ளெ, உங்க தொரைகிட்டக் கேட்டு ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்.

அந்த நாள் காலை எட்டு மணிக்குத் தொரை பங்களாப் போனில் மாமனார் பேசினார். குழந்தை குறுக்கே திரும்பிக்கிடக்கிறது, நர்சிங் ஹோமில் சேர்த்தாயிற்று, ஆபரேஷன் செய்யப் போகிறார்கள். "நீங்க பதறாம வாங்க" என்றார். பதறாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஒரு காலில் என் செருப்பு, இன்னொன்றில் பக்கத்து வீட்டுக்காரர் செருப்பு. இரண்டுமே இடது கால்.

பஸ் இல்லை. ராத்திரி மழைக்குக் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மண் சரிந்து ரோடு அடைபட்டுவிட்டது. குப்பனூர் வழியாக இறங்கலாம். மூன்று மணிக்குக் கொட்டச்சேட்டிலிருந்து மூட்டை லாரி ஒன்று அந்த வழியில் போகிறது என்றார்கள். அதுவரை போனுக்குப் பக்கத்தில் இருப்போம் என்று தொரை பங்களாவுக்கே திரும்பினேன்.

தொரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். செருப்பையும் பார்த்தார். உள்ளே போய் நாலு பாட்டிலைக் கொண்டுவந்து, பிளாஸ்திரி தெரியாமல் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து, நாலு சின்ன கிளாஸில் ஊற்றினார்.

"அம்மாவுக்கு எந்த வருஷம் கொண்டுபோற? குடிச்சுச் சொல்லு." அம்மா என்று அவர் சொன்னது என் மனைவியை.

"இப்பங்களா தொரை?"

"இப்ப என்ன வேலை உனக்கு? அழப்போறியா?"

முதல் கிளாஸ். ஒன்றும் தெரியவில்லை. நாக்கில் ஏதோ ஈரம் பட்டது, தொண்டையில் இறங்கியது, அவ்வளவுதான். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. கறுப்பாக இருக்கிறதே, இது எழுபத்து மூணாக இருக்கவேண்டும் என்று கண்ணால் திருட்டுத்தனம் செய்யப் பார்த்தேன். மழை இருட்டில் நாலும் ஒரே கறுப்பு.

"நாலும் ஒண்ணுதானுங்க தொரை. ஏமாத்தறீங்க. ஒரே பாட்டில்ல இருந்து ஊத்துனீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கிளாஸிலும் மீதியைத் தானே குடித்துப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எழுபத்தெட்டுல எனக்கு இப்படி. எவ்வளவு சர்க்கரை போட்டாலும் நாக்குல தெரியல. அதான் போட்டுட்டே இருந்தேன்."

ஆறு வருஷமாக அதைச் சளி மருந்து என்று கேலி செய்துகொண்டிருந்தவன் நான். அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை. "பாகு காய்ச்சியிருந்தா ஜிலேபியாவது போட்டிருக்கலாமுங்க" என்றது. முன்பே சொன்னேனே, இரண்டாம் கட்டம்.

ஒரு மணி சுமாருக்கு முதல் கட்டம் திரும்ப வந்துவிட்டது. வயிறு. பங்களாவில் கக்கூஸ் பின்கட்டுக்கும் அப்பால், தகரக் கூரை போட்டது. தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் யானை பிளிறினாலும் கேட்காது. என் வாழ்க்கையில் வந்ததிலேயே முக்கியமான டெலிபோன் அப்போதுதான் வந்தது.

வேட்டியைக் கட்டிக்கொண்டே ஓடிவந்தபோது தொரை ரிசீவரை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"போன் வந்துச்சு."

"யாருங்க பேசுனது?"

"பொம்பளை. ரொம்பச் சத்தம். லைன் கர்ர்ருன்னுச்சு."

"என்னங்க சொன்னாங்க?"

"அம்மா நல்லா இருக்கு."

"அப்புறமுங்க?"

"அம்மா நல்லா இருக்கு. ரெண்டு வாட்டி சொல்லுச்சு."

"குழந்தை?"

"குழந்தைன்னு சொல்லல."

"நீங்க கேக்கலீங்களா?"

"கேட்டேன், மேன். லைன் போச்சு."

ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை, இரைச்சல்கூட இல்லை. தொரை அதை என் கையிலிருந்து வாங்கித் தாங்கியில் வைத்தார். மறுபடி எடுத்து வைத்துப் பார்த்தார். எக்ஸ்சேஞ்ச் வரைக்கும்கூட லைன் போகவில்லை.

பிள்ளைப்பேற்றுச் செய்தி எப்படி வரும் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். தாயும் சேயும் நலம். தந்தியென்றாலும், கார்டென்றாலும், தெருமுனையில் நின்று கூவினாலும் அது ஜோடியாகத்தான் வரும். எனக்குப் பாதிதான் வந்திருக்கிறது. அதுவும் இரண்டு தடவை. நல்ல செய்தியை யாராவது இரண்டு தடவை சொல்வார்களா? மகள் பிழைத்துவிட்டாள், அதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை என்று சொல்லத்தான் மாமியார் அழுத்தி அழுத்திச் சொல்லியிருக்கிறார். ரைட்டர் புத்தி, கட்டம் போட்டுப் பூர்த்தி செய்துவிட்டது.

அப்போது நான் சொன்ன ஒன்றை இன்றுவரை என் மனைவியிடம் சொன்னதில்லை. தொரையைப் பார்த்து, "ஜாடி தப்பிச்சுருச்சுங்க. சரக்குதான் கொட்டிப்போச்சு போல" என்றேன். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன். தொரை என் பிடரியில் கையை வைத்து நாற்காலியில் உட்கார்த்தினார். அவர் கை பட்டது எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்த பிறகுதான், கை வைத்திருக்கிறார் என்று கண்ணால் பார்த்தேன். மூன்றாம் கட்டம்.

கிளம்பும்போது ஸ்டோர் ரூமுக்குள் போய்ப் பேப்பரில் சுற்றிய ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து என் பையில் சொருகினார்.

"எந்த வருஷமுங்க?"

"அம்மாவுக்குக் குடு. போ."

லாரி டிரைவர் வாழவந்திக்காரர். மண்ணும் கல்லுமாகக் கிடந்த அந்த ரோட்டில் ஒரு கையால் ஓட்டி, இன்னொரு கையால் பேசினார்.

"ரைட்டருங்களா? என்னங்க இந்த மழையில?"

"ஊட்டுல பிரசவமுங்க."

"அட, நொம்ப சந்தோசம். என்ன கொழந்தைங்க?"

"லைன் கட்டாயிருச்சுங்க."

"எதா இருந்தா என்னங்க, வயித்துல இருக்கறது வெளிய வந்துட்டா போதும். பையில என்ன, மண்ணெண்ணெயா?"

"மருந்துங்க."

"மருந்துன்னா எனக்கும் ரெண்டு நாளா மேலு வலிக்குதுங்க" என்று சிரித்தார். வாடை பிடிக்க மூக்குள்ள ஆள். நானும் சிரித்திருக்கவேண்டும், அவர் தொடர்ந்து பேசிக்கொண்டே வந்தாரே.

மனைவியிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வந்ததெல்லாம் ஆபீஸ் கடிதம். 'நிகழ்ந்தமைக்கு வருந்துகிறோம்.' 'மேற்படி இழப்பு இயற்கையினால் ஏற்பட்டதாகும்.' குப்பனூரில் டீ குடிக்க நிறுத்தினார். கிளாஸ் வழுக்கி டீ முழுக்க என் இடது கைமேல் கொட்டியது. டீக்கடைக்காரர்தான் பதறித் தண்ணீர் ஊற்றினார். நான் அதை வேடிக்கை பார்த்தேன்.

நர்சிங் ஹோமுக்குப் போனபோது மணி ஐந்தரை. வராந்தாவில் மாமியார் ஃப்ளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தார். அழுத முகமா என்று பார்த்தேன். மாமியார் முகத்தில் அதைக் கண்டுபிடிக்க முடியாது, சிரித்தாலும் அப்படித்தான் இருக்கும்.

"வாங்க மாப்ளெ. என்ன காலு இது, ரெண்டும் ஒரே பக்கமாப் போகுது? பெரிய அம்மிணி தூங்குது. சின்ன அம்மிணி முழிச்சுட்டுக் கெடக்குது, போயிப் பாருங்க."

"எந்தச் சின்ன அம்மிணிங்க?"

மாமியார் ஃப்ளாஸ்க்கைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, போன்லதான் தொண்டை கிழியச் சொன்னனே. பெரிய அம்மிணியும் நல்லா இருக்குது, சின்ன அம்மிணியும் நல்லா இருக்குதுன்னு. உங்க தொரை சரி சரின்னாரே."

தொரைக்குத் தெரிந்த அம்மிணி வேறு. அவர் அகராதியில் அது வீட்டுக்கார அம்மாள் மட்டும்தான். எங்கள் பக்கம் பிறந்து ஒரு மணி நேரம் ஆன பெண் குழந்தையும் அம்மிணி என்பதை முப்பது வருஷத்தில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. காப்பிக் காட்டில் அதற்கு அவசியம் வரவில்லை. பெரிய, சின்ன என்பதை லைன் தின்றுவிட்டது. மிச்சம் இருந்த அம்மிணியைத் தன் தமிழில் அம்மா ஆக்கி, மற்றபடி எதுவும் பிசகாமல் என்னிடம் கொடுத்திருக்கிறார். ரெண்டு வாட்டி சொல்லுச்சு.

குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். இந்த இடத்தில் நான் உடைந்து அழுதேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் செய்தது, கையில் ஏந்தி ஒரு தரம் மேலும் கீழும் அசைத்துக் காப்பி மூட்டைபோல் எடை பார்த்தது. "முதல் தரமுங்க, ஈரப்பதம் கொஞ்சம் அதிகம்" என்றேன். நர்ஸ் மாமியாரைப் பார்த்தாள். மாமியார், "அவரு எப்பவும் அப்படித்தானுங்க" என்றார்.

ஒன்றும் தெரியவில்லை. அதுதான் உண்மை. அன்றைக்கு மட்டும் என்று நினைத்தேன். மறுநாளும் தெரியவில்லை. மனைவி கண்விழித்து, "பாத்தீங்களா, உங்க மூக்குங்க" என்றபோது, பார்த்தேன் என்றேன். என் மூக்குதான், சந்தேகமே இல்லை. ஆனால் யாரோ பக்கத்து வீட்டுக்காரர் குழந்தையை என் மூக்கோடு பார்ப்பதுபோல் இருந்தது. சாப்பாடு அட்டை போல் இருந்தது. லாரியில் அந்தக் குழந்தைக்கு மனதுக்குள் நடத்தி முடித்த காரியத்தை என்னால் திரும்பப் பெற்றுக்கொள்ள முடியவில்லை. குழந்தை அழும்போதெல்லாம் முதல் ஒரு நொடி, இது எந்தக் குழந்தை என்று தோன்றும். இதை யாரிடம் சொல்வது? வந்தவர்களிடமெல்லாம் தமாஷ் பேசிச் சமாளித்தேன். நல்ல கலகலப்பான அப்பா என்று பெயர் வாங்கினேன்.

பத்தாம் நாள் மாமனார் வீட்டில், தையல் பிரித்தாகிவிட்டது என்று மாமியார் பாட்டிலைத் திறந்தார். மழையில் நனைந்த பிளாஸ்திரி பேப்பரோடு ஒட்டிக் கிழிந்து வந்துவிட்டது. எந்த வருஷம் என்று படிக்க வழியில்லை. டானிக் மூடியில் அளந்து ஊற்றி மகளிடம் கொடுத்தார். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். பிறகு மூக்கை விட்டாள்.

"மருந்தாட்டம் இருக்குதுங்க. ஆனா நல்லாத்தான் இருக்குது. நீங்களும் குடிங்க."

"எனக்கெதுக்கு? நானா பெத்தேன்?"

"பெத்த மாதிரிதான் மொகத்த வெச்சுட்டு இருக்கறீங்க. குடிங்க."

குடித்தேன். முதலில் இனிப்பு. தாங்கமுடியாத இனிப்பு, பல் கூசியது. இனிப்பு வடிந்ததும் அடியிலிருந்து அந்தப் புகை நாற்றம் மெதுவாக எழுந்து மூக்கு வழியாக வெளியே வந்தது.

"எழுபத்தெட்டு" என்றேன்.

"என்னதுங்க எழுபத்தெட்டு?"

இருமல் வந்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இருமவும் செய்தேன், கொஞ்சம் அதிகமாகவே. குழந்தை அழுதது. தூக்கி மடியில் போட்டேன். உடனே வேட்டி நனைந்தது. சூடாக இருந்தது. இடது கையில் டீ கொட்டின இடத்தில் தோல் உரிந்துகொண்டிருப்பதும், அது அரிப்பதும் அப்போதுதான் தெரிந்தன. துணி மாற்ற மாமியார் கை நீட்டினார். "இருக்கட்டுமுங்க" என்றேன்.

மலைக்குத் திரும்பிய அன்றைக்கே தொரையைப் பார்க்கப் போனேன். அவருக்கு மாமனார் ஒரு வாரத்துக்கு முன்பே போன் செய்து இரண்டு அம்மிணிக் கதையையும் சொல்லியிருந்தார். தொரை அதைப்பற்றிப் பேசவில்லை. பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார்:

"அம்மா குடிச்சுச்சா, எழுபத்து மூணு?"

"எழுபத்து மூணுங்களா?"

"திறக்காத கடைசி பாட்டில். உனக்குக் குடுத்தேனே."

ஸ்டோர் ரூம் இருட்டு. அன்றைக்கு அவரும் பதற்றத்தில் பிளாஸ்திரியைப் பார்க்காமல்தான் எடுத்திருக்கிறார் என்பது அந்த நிமிஷம்வரை எனக்குத் தோன்றவே இல்லை. கடைசி எழுபத்து மூணு இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். நாங்கள் குடித்தது எழுபத்தெட்டு என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டேன்.

பேப்பரை மடித்து முழங்காலில் வைத்தார்.

"அப்ப அம்மாவுக்கு எழுபத்தெட்டா குடுத்தேன்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். "அது என்ன சொல்லுச்சு?"

"நல்லா இருக்குன்னாங்க. பாட்டிலையே முடிச்சுட்டாங்க."

தொரை எழுந்து ஸ்டோர் ரூம் பக்கம் நடந்தார். வாசலில் நின்று திரும்பாமலே சொன்னார்:

"அதுக்கு நாக்கு இல்ல, மேன்."